மாட்டுக் கரண்டு

மலாக்காவின் காஜா பேராங்கில் கலியாணசுந்தரத்தின் வீட்டில் மட்டும் மாடு நடந்தால் விளக்கு எரியும், மாடு நின்றால் அணைந்துவிடும். கேள்விப்பட்டவர்கள் முதலில் நம்பவில்லை. வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களின் வீடுகளில் எல்லாம் மண்ணெண்ணெய் விளக்குதான் புகைந்துகொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

மனிதர் மாட்டுவண்டிக்காரர். தெங்கேராவிலிருந்து கருவாட்டு மூட்டை, புக்கிட் காதில் பக்கமிருந்து விறகு, யார் எதைச் சொன்னாலும் ஏற்றுவார். நாற்பத்தாறு வயது. வண்டியில் ஒற்றை மாடு, பெயர் செவலை. மனிதர்களோடு அவர் பேசுகிற பேச்சு மிகவும் சிக்கனம். செவலையோடு மட்டும் காலையிலிருந்து மாலைவரை ஓயாமல் பேசுவார். “ஹை... ஹை... நடடா ராசா, நடடா” என்று அவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் செவலையும் நின்றுவிடும். சாட்டையைத் தொடாமலே பழக்கிய மாடு அது.

பெரிய ரோட்டில் மின்கம்பி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் குடியிருந்த சந்துக்குள் அது இன்னும் திரும்பவில்லை. ரோட்டு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த யூசுப்பிடம் ஒருநாள் போய் உட்கார்ந்தார். யூசுப்புக்கு முப்பது வயது இருக்கும். கலியாணசுந்தரத்தை மாமா என்று கூப்பிடுவான். அவர் இவனை மாப்ளே என்பார்.

“மாப்ளே, சைக்கிள மிதிச்சா லைட்டு எரியுதே. மாடு சுத்துனா எரியாதா?”

“எரியும் மாமா. ஆனா லெம்பு மெதுவா நடக்கும். டைனமோ வேகமா சுத்தணும்லா.” மாட்டை மலாயில் லெம்பு என்பதுதான் அவன் வழக்கம்.

“அந்த வேகத்த நீ பண்ணிக் குடு. நடக்குறதுக்கு நானும் செவலையும் பொறுப்பு.”

இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, ஐந்து மாதம் மல்லுக்கட்டினார்கள். முற்றத்து நடுவில் ஒரு கம்பம். அதில் மாடு இழுத்துச் சுற்றுவதற்கு ஒரு நீளமான மரம். கம்பத்தின் தலையில் பழைய வண்டிச் சக்கரம் படுக்கையாக. அதிலிருந்து கயிறு ஓடி ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், அதிலிருந்து சைக்கிள் சங்கிலி இன்னொன்றை, கடைசியில் பழைய லாரியிலிருந்து கழற்றிய டைனமோ. செவலை ஒரு சுற்று வருவதற்குள் டைனமோ முந்நூறு சுற்று சுற்றியது. முதல்முறை கயிறு அறுந்து யூசுப்பின் காதோரம் பறந்தது. நாலாவது முறை விளக்கு எரிந்தது. யூசுப் அல்லாவைக் கூப்பிட்டான், கலியாணசுந்தரம் முருகனைக் கூப்பிட்டார், செவலை சாணி போட்டது.

இத்தனை பாடும் விளக்குக்காக இல்லை. யூசுப்பின் கடையில் லாரி பாட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று சும்மா கிடந்தது. அது இந்தியாவைப் பிடிக்கும். இந்தியாவில் கலியாணசுந்தரத்துக்கு ஒரு மகள் இருந்தாள்.

1941 செப்டம்பரில் அவர் மனைவி கமலவேணி, தன் அண்ணன் பொன்னுதுரை வீட்டுக் கல்யாணத்துக்காக, இரண்டு வயதுக் குழந்தை கோகிலாவைத் தூக்கிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போனாள். பொங்கலுக்குள் வந்துவிடுவதாகப் பேச்சு. பினாங்கில் கப்பலேற்றிவிடும்போது குழந்தை அவ்வளவு பெரிய கப்பலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “லெம்பு எங்கப்பா, லெம்பு?” என்று வீட்டு மாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். நாலு வருஷம் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. சண்டை முடிந்து வந்த முதல் கடிதத்தைப் பொன்னுதுரை எழுதியிருந்தார். கமலவேணி வாந்திபேதியில் போய்ச் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. குழந்தை சௌக்கியம் என்று கடைசி வரியில் இருந்தது.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டார். பிறகு குடியுரிமைப் பேச்சு வந்தது, இப்போது கிளம்பினால் திரும்பி உள்ளே விடுவார்களோ என்று பயமுறுத்தினார்கள். கேட்டவர்களிடம் இந்தக் காரணங்களைத்தான் சொன்னார். உண்மையில் அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. போய் நின்றதும் குழந்தை யாரோ என்று மாமன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் என்ன செய்வது? அந்த ஒரு காட்சியை நினைத்து நினைத்தே பதினாறு வருஷத்தைக் கழித்துவிட்டார். அவரைக் கோழை என்று திட்டலாம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் மகள் ஞாபகம் வராமல் அவருக்கு ஒருநாள்கூட விடிந்ததில்லை.

1957 ஆகஸ்டில் பொன்னுதுரையிடமிருந்து கடிதம் வந்தது. கோகிலா பாட்டுக் கற்றுக்கொள்கிறாளாம். மலாயா சுதந்திரம் அடைகிற முப்பத்தோராம் தேதி, அங்குள்ள தமிழர்களுக்கு வாழ்த்தாக இந்திய வானொலியில் ஒரு நிகழ்ச்சி. அதில் கோகிலா ஒரு பாட்டுப் பாடுகிறாள். மலாயா நேரம் சாயங்காலம் ஆறு மணி. கலியாணசுந்தரம் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பத்தடி நடந்ததும் எடுத்து மறுபடி படித்தார். அன்றைக்குத் தெங்கேராவில் இறக்க வேண்டிய கருவாட்டை வேறெங்கோ இறக்கிவிட்டு வந்தார்.

அந்த நாளும் வந்தது. ஊரே கொடியும் தோரணமுமாகத் திடலுக்குப் போய்விட்டது. பட்டணத்துக் கடைகளில் ரேடியோ இருந்தவர்கள் எல்லாம் கோலாலம்பூர் கொண்டாட்டத்தை அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் போய், கொஞ்சம் இந்தியாவுக்குத் திருப்புங்கள் என்று யாரிடம் கேட்க முடியும்? பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சீனத் தவுக்கேயும் கடையை அடைத்துவிட்டார். இருந்த ஒரே பாட்டரி செத்த பாட்டரி. டைனமோ சுற்றுகிறவரைக்கும் அது கரண்டை வாங்கி ரேடியோவுக்குக் கொடுக்கும், சுற்று நின்றால் அரை நிமிஷம்கூடத் தாங்காது. ஆக, மகளின் குரல் செவலையின் நாலு காலை நம்பி இருந்தது.

ஐந்தரைக்கே மாட்டைப் பூட்டி, தலை சுற்றாமலிருக்க அதன் கண்ணைக் கட்டினார். யூசுப் உள்ளே ஜன்னலோரம் ரேடியோ முன்னால் உட்கார்ந்தான். முள்ளைத் திருப்பும் குமிழின் மேல் கையை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்தால் நிலையம் நழுவி வேறு ஏதோ பாஷை வந்துவிடும். அடுத்த வீட்டு ஜெயா வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். மலாக்காச் செட்டிகள் வீட்டுப் பெண்; மலாய்தான் பேசுவாள், தமிழ் நாலு வார்த்தை தெரியும். நிறைமாதம் என்பதால் திடலுக்குப் போகவில்லை.

“ஹை... ஹை... நடடா ராசா.”

செவலை நடந்தது. ரேடியோ சூடாகி, இரைந்து, கடைசியில் தமிழ் பேசியது. யாரோ ஒருவர் வாழ்த்துரை சொன்னார். பிறகு ஒரு கோஷ்டி பாடியது. கலியாணசுந்தரம் மாட்டோடு கூடவே சுற்றி வந்தார். கோஷ்டி பாடி முடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. பாட்டில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. விழுந்ததெல்லாம் தன்னுடைய “ஹை ஹை”தான்.

சரி, வாயை மூடிப் பார்க்கலாம் என்று மூடினார். செவலை நின்றது. ரேடியோ முனகத் தொடங்கியது.

“மாமா, கரண்டு போவுது!” என்று யூசுப் கத்தினான்.

“நான் பேசுனாத்தான் இவன் நடக்குறான். நான் பேசுனா எனக்கு எப்படிடா கேக்கும்? நீ குரல் குடு!”

யூசுப் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஹை! ஹை! நடறா!” என்று தொண்டை கிழியக் கத்தினான். செவலை காதை மட்டும் ஆட்டியது. பிள்ளைப் பாசத்தில் வளர்த்த மாடு, அடுத்தவன் சொல்லிக் கேட்குமா?

கலியாணசுந்தரமே மறுபடி குரல் கொடுக்க, மாடு நடந்து ரேடியோவுக்கு உயிர் வந்தது. அடுத்து யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்து கோகிலாவாக இருக்கலாம். கலியாணசுந்தரம் மாட்டை நிறுத்தினார். பிறகு மளமளவென்று பூட்டை அவிழ்த்துச் செவலையை ஒரு பக்கம் தள்ளினார். மரத்தைத் தன் நெஞ்சில் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

“மாமா, வேணாம் மாமா! மாட்டையே ஓட்டுங்க. நான் கேட்டு ஒண்ணுவிடாம சொல்றேன்!”

“நீ சொல்லி நான் கேக்கவா பதினாறு வருஷம் இருந்தேன்?” என்றார்.

மாட்டுக்கே மூச்சு வாங்குகிற பாரம் அது. முதல் சுற்றில் கால் வழுக்கியது. மூன்றாவது சுற்றில் வேகம் பிடித்தது. சத்தமில்லாத முற்றத்தில் ஜன்னல் வழியாக அறிவிப்பாளரின் குரல் தெளிவாக வந்தது: “அடுத்து, செல்வி கோகிலா கலியாணசுந்தரம் பாடுகிறார்.” தன் பெயரை அத்தனை தூரத்திலிருந்து யாரோ சொல்லக் கேட்டதும் அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

அவள் பாடினாள்.

அலையைப் பார்த்து, கப்பலேறிப் போனவர்கள் சுகமா என்று விசாரிக்கிற பாட்டு. கனமான குரல், நிதானமான குரல். முதல் சரணம் முழுக்க அவர் ஏதோ தப்பு நடந்துவிட்டதாக நினைத்தார். இது யார் இந்தப் பெண்? இத்தனை வருஷமும் அவர் காதில் வைத்திருந்தது மழலைக் குரல் ஒன்றை. அந்தக் குழந்தை எங்கே? இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் அவள் குரலை இறக்கினாள். கமலவேணி பேசும்போது அப்படித்தான் இறங்கும். அப்போதுதான் அது தன் மகள் என்று அவருக்கு விளங்கியது. அவர் தேடிக்கொண்டிருந்த குழந்தை எப்போதோ வளர்ந்துபோய்விட்டாள், அவர் இல்லாமலே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மூச்சு தடைப்படும், மூச்சு தடைப்பட்டால் கரண்டு போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்.

மூன்றாவது சரணம் ஆரம்பித்ததும் கால் மடங்கியது. மரத்தைப் பிடித்தபடியே மண்ணில் சரிந்தார். ரேடியோ இழுத்து இழுத்துப் பேசி அடங்கிவிட்டது. யூசுப் ஓடிவந்து தூக்கினான். செவலை வந்து அவர் தலையை முகர்ந்தது.

ஜெயா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள், “மாமா, பூடாக் மானா நியாஞி?” எந்தக் குழந்தை பாடியது என்று.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். “புக்கான் பூடாக் லாகி, ஜெயா. சூடா பெசார்.” இனிமேல் குழந்தை இல்லை, பெரியவளாகிவிட்டாள் என்று. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

மறுநாள் காலை சைக்கிள் கடையில் உட்கார்ந்து மகளுக்கு முதல்முதலாக நேரே கடிதம் எழுதினார். அதுவரை எழுதியதெல்லாம் பொன்னுதுரைக்குத்தான். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மூன்று வரி எழுதினார். “உன் பாட்டைக் கேட்டேன். ஒரு வார்த்தைகூட விடாமல் முழுதும் கேட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது.” பிள்ளை மனசு நோகக் கூடாதென்று சேர்த்த பொய் அது. எந்தத் தகப்பனும் அதைத்தான் சேர்த்திருப்பான்.

அடுத்த மாதம் பதில் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. அதை யூசுப்பிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் கண்ணுக்கு எழுத்து நிற்கவில்லை.

“அன்புள்ள அப்பாவுக்கு. நீங்கள் முழுதும் கேட்டீர்கள் என்பதே எனக்குப் போதும். பாட்டுக்கு முதலில் இரண்டு சரணம்தான். மூன்றாவது சரணம் நானே எழுதிச் சேர்த்தது. வேறு யாருக்காகவும் இல்லை, உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் சின்ன வயதிலிருந்து வைத்திருந்ததை அதில் சொல்லியிருக்கிறேன். கடிதத்தில் எழுத எனக்குக் கூச்சம். அது உங்களுக்குப் பிடித்ததா?”

யூசுப் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மாப்ளே, உனக்கு அதுல ஒரு வரியாச்சும் காதுல விழுந்துச்சா?”

“இல்ல மாமா. கரண்டு போயிருச்சு.”

“செவலையவே ஓட்டியிருந்தா நீயாச்சும் கேட்டிருப்ப” என்றார் கலியாணசுந்தரம்.

“எழுதி அனுப்பச் சொல்லுங்க மாமா. பெத்த பொண்ணுதானே.”

“முழுசும் கேட்டேன்னு எழுதிப்புட்டேனே” என்றார். “அவ அதே போதும்கிறா.”

அன்றைக்கு மத்தியானம் பதில் எழுதினார். மூன்றாவது சரணம்தான் தனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது என்று எழுதி, உறையை ஒட்டி, தபாலில் போட்டுவிட்டு வந்து வண்டியைப் பூட்டினார்.