திரும்பி வந்த பெட்டி

சித்தி வேலையை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் ஒன்றரை மணிக்கு, திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நேரத்தில் அவளை யாரும் வீட்டு வாசலில் பார்த்ததில்லை. மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவள் வீட்டுப் பின்னறையில் என் பை இன்னும் பிரிக்காமலே கிடந்தது.

"என்ன, கிடங்குக்கு லீவா?" என்றார் சித்தப்பா.

"கிடங்கு இருக்கு. நான்தான் இல்ல."

செருப்பைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம். கம்பெனிகளிலிருந்து வரும் பெட்டிகளைச் சரிபார்த்து உள்ளே விடுவது அவள் பொறுப்பு. அவள் தலையசைக்காமல் ஒரு இருமல் மருந்து பாட்டில்கூட அலமாரி ஏறாது. பெட்டியைத் திறந்து நடுவிலிருந்து ஒன்றை உருவுவாள். மேலே இருப்பதை எடுக்கவே மாட்டாள். "ஏமாத்துறவன் மேல நல்லதைத்தான் வைப்பான்" என்பாள். பேட்ச் நம்பரைக் கண்ணால் படித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவாள். அசல் அட்டையில் எண் லேசாக அழுந்தியிருக்குமாம். கடைசியில் மூக்கருகே கொண்டுபோவாள். அதனால் கிடங்கில் அவளுக்கு 'மோப்பக்கா' என்று பெயர்.

"பொண்ணு பார்க்கப் போனப்பவே என்னை முன்னாடியும் பின்னாடியும் பார்த்தா. காலாவதி தேதி எங்கயாவது போட்டிருக்கான்னு தேடியிருக்கா" என்று சித்தப்பா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

"போட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் கவனிக்காம உள்ள விட்டுட்டேன்" என்றாள் சித்தி.

சரிபார்த்த பெட்டியைப் பழுப்பு டேப்பால் ஒட்டி, டேப்பின் மேலும் அட்டையின் மேலும் விழுகிற மாதிரி பச்சை மையில் குறுக்கே கையெழுத்துப் போடுவாள். டேப்பைப் பிரித்தால் கையெழுத்து உடைந்துவிடும். அந்தக் கையெழுத்து உடையாமல் இருந்தால் கடைக்காரர்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

விற்காத சரக்கைக் கடைகள் திருப்பி அனுப்புவது வழக்கம். திரும்பி வருவதையும் புதுச் சரக்கு மாதிரியே திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியதே சித்திதான். அந்தச் செவ்வாய்க்கு ஆறு வாரம் முன்பு ஒரு சின்னக் கடையிலிருந்து ஊசி மருந்துப் பெட்டி ஒன்று திரும்பி வந்தது. நாற்பது குப்பி. மேலே டேப் பிரியவில்லை, பச்சைக் கையெழுத்து மை கலையாமல் இருந்தது. தான் ஏற்கெனவே பார்த்த பெட்டி. தன் கையெழுத்து. திறக்காமல் அலமாரியில் ஏற்றிவிட்டாள். அடிப்பக்கத்தைப் பிரித்துக் குப்பிகளை மாற்றி, மறுபடி ஒட்டியிருந்ததைப் பார்க்க அவள் பெட்டியைக் கவிழ்க்கக்கூட இல்லை.

ஒரு கிளினிக்கின் நர்ஸ்தான் கண்டுபிடித்தாள். தண்ணீர் விட்டு எவ்வளவு குலுக்கியும் தூள் கரையாமல் அடியில் வெள்ளையாகப் படிந்தது. அவள் திருப்பி அனுப்பிய குப்பியைக் கையில் எடுத்ததுமே சித்திக்குத் தெரிந்துவிட்டதாம். ஆய்வகத்தில் மருந்து துளியும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியிலிருந்து பல கடைகளுக்குப் பிரிந்து போயிருந்த குப்பிகளைத் தேடி, கிடங்கு வேன்காரரோடு சித்தியே கடை கடையாக ஏறி இறங்கி முப்பத்தேழு குப்பியைத் திரும்ப வாங்கினாள். ஒன்றுகூடப் போடப்பட்டிருக்கவில்லை. மூன்று கிடைக்கவில்லை.

"நாப்பதுல முப்பத்தேழு வந்துடுச்சு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

"இன்னும் மூணு இருக்கு சார்."

"எங்கயாவது குப்பைக்குப் போயிருக்கும்."

"ஊசி மருந்தை யாராவது ஆசைக்கு வாங்குவாங்களா சார்?"

"மருந்து இன்ஸ்பெக்டர் பார்த்துப்பார். நீ தெருத்தெருவாத் தேடினா நம்ம பேருதான் நாறும். இங்க இருக்கணும்னா அதை விட்டுடு."

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

மறுநாள் என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அந்த மூன்றும் அரசு ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் விற்றுப்போயிருந்தன.

"செக்யூரிட்டி உடுப்புப் போட்ட ஒருத்தர். டாக்டர் சீட்டோட வந்தாரு, மூணையும் வாங்கிட்டு பில்லுக்குக்கூட நிக்காம ஓடினாரு" என்றார் கடைக்காரர்.

"முகம் ஞாபகம் இருக்கா தம்பி?"

"ஒரு நாளைக்கு முந்நூறு முகம் வருதுக்கா. எல்லாத்துலயும் ஒரே பயம். எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயரைக் கேட்டார்கள். எங்களிடம் குப்பியின் நம்பர் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. 'இந்த மருந்தைப் போட வேண்டாம், கையில் இருந்தால் கூப்பிடுங்கள்' என்று மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், தன் போன் நம்பரோடு சித்தி எழுதினாள். கடையில் ஒட்டக் கடைக்காரர் விடவில்லை. "இதைப் பார்த்தா எவன் உள்ள வருவான்?" என்றார். ஆஸ்பத்திரி வாசல் சுவரில் ஒட்டினோம். மழை கரைத்தால் மறுபடி போய் ஒட்டுவாள்.

பிறகு வாட்ச்மேன்கள். ஏ.டி.எம். வாசல், அடுக்குமாடி கேட், நகைக்கடை, பள்ளிக்கூடம். எல்லா இடத்திலும் அதே கேள்வி: "போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"எந்த மாசம்தாம்மா போகல?" என்றார் ஒரு பெரியவர்.

ஒருவர் உடனே தலையாட்டினார். "ஆமா, என் சம்சாரத்துக்காகப் போனேன்." சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரசவத்துக்காம். போனில் குழந்தையின் படத்தைக் காட்டினார். சித்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

பெட்டியை அனுப்பிய கடை பூட்டிக் கிடந்தது. அதன் ஆள் எங்கே என்று இன்றுவரை தெரியாது. வாக்குமூலம் வாங்கிய மருந்து இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "ஏன்க்கா எல்லாத்தையும் உங்க மேலயே எழுதிக் குடுக்கறீங்க? ஏமாத்தினது அவன்" என்றார்.

"உள்ள விட்டது நான்" என்றாள். அந்த வரியை மாற்றாமல் கீழே நீல மையில் கையெழுத்துப் போட்டாள். பச்சைப் பேனாவை அதற்குள் எங்கோ தூக்கிப் போட்டிருந்தாள்.

வேறு கிடங்குகள் கூப்பிட்டன. போகவில்லை. ஒரு தையல் கடையில் பொத்தான் வைக்கப் போனாள். தலைவலி மாத்திரை வாங்கினால்கூட உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போடாமலே வைத்துவிடுவாள். சித்தப்பா அவளைக் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டார். எனக்கு ஓரிடத்தில் இருந்து பழக்கமில்லை. இரண்டு தடவை டிக்கெட் எடுத்தேன், இரண்டு தடவையும் ரத்து செய்தேன்.

"ஒருவேளை யாருக்கும் போட்டிருக்க மாட்டாங்க சித்தி."

"போடலைன்னு யாராவது சொல்லட்டும். அப்புறம் தூங்குறேன்."

பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. தெரியாத நம்பரிலிருந்து செய்தி. கை ஈரம், கண்ணாடி வேறு அறையில். "நீயே படி" என்றாள். படித்தேன்.

"வணக்கம். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நோட்டீஸ் பார்த்தேன். மழையில பாதி போயிடுச்சு. மருந்துப் பேரும் பேட்ச் நம்பரும் உங்க நம்பரும் மட்டும்தான் தெரிஞ்சுது. போன வருஷம் எங்கம்மாவுக்கு அப்பா வாங்கினது இதே மருந்து. மொத்தம் மூணு. ரெண்டு போட்டாங்க. மூணாவது நாள் வாட்ச்மேன் டூட்டியில இருந்த அப்பாவை விடுவிக்க அடுத்த ஷிப்ட் ஆள் வரல. மருந்து அவர் பையிலேயே இருந்துச்சு. அவர் வந்து சேர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. அந்தக் குப்பி இன்னும் எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு, தூக்கிப்போட விடமாட்டேங்கறார். 'நான் கேட்டைப் பூட்டிட்டு ஓடி வந்திருந்தா அவ இருந்திருப்பா'ன்னு தினமும் சொல்றார். வேலைக்கும் போறதில்ல. உங்களுக்கு இந்த மருந்தைப் பத்தித் தெரியும்னா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதைப் போட்டிருந்தா எங்கம்மா பிழைச்சிருப்பாங்களா?"