வெறும் பஞ்சை நம்பி ஊற்றிய தண்ணீர்

என் மகளுக்குப் பந்து பட்டு, இடது காதில் செவிப்பறை கிழிந்திருந்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் மாதா கோவிலில் அவள் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்க வேண்டும். தலையோ ஒரே பிசுக்கு. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகும் என் கணவர், "ஏளா, பஞ்ச வச்சு ஊத்து! கடல்ல எங்க காதுக்குள்ள போகாத தண்ணியா?" என்றார். அப்படியே ஊற்றினேன். பிள்ளை வலியில் அலறிவிட்டாள். எடுத்துப் பார்த்தால் பஞ்சு சொதசொதவென்றிருந்தது.

டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, சீழ் பிடிக்கவில்லை. "வெறும் பஞ்சு தண்ணிய உறிஞ்சாதாம்மா? வாசலின் தடவித்தானே வைக்கணும்!" என்று கடிந்துகொண்டார்.

இப்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்து, தலை வெளியே தொங்க அவளைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெற்றியிலிருந்து பின்பக்கமாக ஊற்றுகிறேன். என் கணவர் அவள் காதைக் கையால் பொத்திக்கொண்டு, நான் ஊற்றி முடிக்கும்வரை மூச்சைப் பிடித்தபடி நிற்கிறார்.