ஆட்டுக்கு வைத்திருந்த பூச்சி மருந்து

என் மகளுக்கு ஆட்டு மருந்தைக் குடிக்கக் கொடுத்தவன் நான்தான். என் மனைவி இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதனால் நானே எழுதிவிடுவதில் வெட்கம் ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது நிக்கோபாரின் தென்கோடித் தீவில், கேம்பல் பேயில் இருந்தோம். எனக்கு மின்துறையில் வேலை, மனைவி அங்கேயே ஆசிரியை. மகளுக்கு ஆறு வயது. எத்தனை முறை சொன்னாலும் செருப்புப் போடமாட்டாள். மழை விட்டதும் சேற்றில் இறங்கிவிடுவாள். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பாள். மூன்று தோசை சாப்பிட்டு அரை மணியில் மறுபடி பசிக்கிறது என்பாள், ஆனால் உடம்பில் சதை பிடிக்கவில்லை. "இவ வயித்துல பூச்சி இருக்கு" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில் மற்ற பிள்ளைகளையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து மென்று விழுங்கச் செய்தவள் அவள். சொந்த மகளோ அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். விடுபட்டவர்களுக்குக் கொடுக்கும் நாளிலும் காய்ச்சல் முழுதாக விடவில்லை. நர்ஸ் ஒரு மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்து, உடம்பு தேறியதும் மென்று தின்னச் சொல்லியிருந்தார். அதற்குள் மனைவிக்குப் போர்ட் பிளேரில் பயிற்சி வந்துவிட்டது. கப்பல் டிக்கெட் கிடைத்த அன்றே அவசர அவசரமாகக் கிளம்பினாள். அங்கே பத்துபஸ்தியில் அவள் அண்ணன் வீட்டில் தங்கல்.

என் பொறுப்பில் மகளும் மூன்று ஆடுகளும் இருந்தன. ஆடுகள் எங்களுடையவை அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய பழைய ராணுவக்காரர். எல்லாருக்கும் அவர் ஃபௌஜி அங்கிள். மகன் கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போனவர், ஆடுகளை என் மனைவியை நம்பி விட்டுப் போயிருந்தார். அவற்றுக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். தழை ஒடித்துப் போடுவது மட்டும் என் வேலை.

சனிக்கிழமை மனைவி போனில் சொன்னாள்.

"ஃப்ரிட்ஜ் மேல பூச்சி மருந்து வச்சிருக்கேன். நாளைக்குக் காலைல அவ சாப்பிட்ட பிறகு குடுத்துடுங்க. மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி தின்று முடித்த மகளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் பார்த்தேன். ஒரு துணிப்பை இருந்தது. கையை விட்டதும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டரில் பேனாவால் ஹிந்தியில் 'கீடே கி தவா' என்று எழுதியிருந்தது. பூச்சி மருந்து என்றுதான் அதற்கும் பொருள். ஆஸ்பத்திரியில் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வயதில் போர்ட் பிளேரில் இவளுக்கு இப்படி ஒரு மருந்தைப் பத்து மில்லி கொடுத்தது ஞாபகத்தில் இருந்தது. இருமல் மருந்து மூடியில் பத்து மில்லி ஊற்றினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

அரை மணி கழித்து மனைவி கூப்பிட்டாள்.

"குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன். ஒரே மடக்குல குடிச்சுட்டா."

"குடிச்சாளா? மாத்திரையைக் கரைச்சா குடுத்தீங்க?"

"எந்த மாத்திரை?"

போனில் அவள் குரல் மாறிவிட்டது. "ஏங்க, நான் வச்சது மாத்திரைங்க. எவர்சில்வர் டப்பாக்குள்ள. நீங்க எதைக் குடுத்தீங்க?"

"பையில பாட்டில் இருந்துச்சே. கீடே கி தவான்னு எழுதி..."

"ஐயோ, அது ஆட்டு மருந்து! கொட்டகை ஒழுகுதுன்னு கிளம்புறப்ப நான்தான் பையை எடுத்து உள்ள வச்சேன். அதுல ரெண்டு பாட்டில் இருக்கு. ஒண்ணு ஆட்டுக்கு வாயில ஊத்துறது, ஒண்ணு உண்ணிக்குத் தண்ணில கலந்து மேல தடவுறது. அது வெஷம்ங்க. எதைக் குடுத்தீங்க?"

பையைக் கவிழ்த்தேன். உருண்டு விழுந்தவை இரண்டும் ஒரே மாதிரி பாட்டில்கள், ஒரே மாதிரி பிளாஸ்டர், ஒரே எழுத்து. குடலில் இருப்பதும் ஹிந்தியில் கீடா, தோலில் ஒட்டியிருக்கும் உண்ணியும் கீடா. தமிழில் எழுதியிருந்தாலும் இரண்டின் மேலும் பூச்சி மருந்து என்றுதான் எழுதியிருப்போம். எதைக் கையில் எடுத்தேன், எதைத் திரும்பப் போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. போன் ஸ்பீக்கரில் மனைவி என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். வழக்கமாக அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இரண்டையும் திறந்தேன். ஒன்றில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது. மற்றதில் மஞ்சள் எண்ணெய், மண்ணெண்ணெய் போல மூக்கில் ஏறும் நாற்றம். மகளைத் தூக்கி வாயை மோந்து பார்த்தேன். இட்லிக்குத் தொட்ட சட்னி வாசம்தான் வந்தது.

"பாப்பா, நீ குடிச்ச மருந்து எப்படி இருந்துச்சு?"

"சாக்பீஸ் மாதிரி."

"எரிஞ்சுச்சா? நாத்தம் அடிச்சுச்சா?"

"இல்லப்பா. சாக்பீஸ்தான்." டீச்சர் மகள். சாக்பீஸின் ருசி அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மூடியின் அடியிலும் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் நாற்றமடிப்பதுதான் உண்ணி மருந்தாக இருக்க வேண்டும். "வெள்ளைதான் குடுத்திருக்கேன்" என்றேன் போனில். அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. "வெள்ளைன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். "பாட்டில் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க."

ஸ்கூட்டரின் முன்னால் மகளை நிற்கவைத்து ஓட்டினேன். அவளுக்கு ஒரே குஷி. கடற்கரை ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண், போர்ட் பிளேர் ஷாதிபூரில் வளர்ந்த தமிழர். பாதிப் பேச்சு ஹிந்தியில்தான் வரும். நான் சொல்லி முடிக்கும் முன்பே நாடியைப் பிடித்து, கண்ணில் டார்ச் அடித்து, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டார்.

"வாந்தி எடுக்க வைக்கலையே?"

"இல்லம்மா."

"அச்சா கியா, நல்லது. பண்ணக் கூடாது. இந்த மருந்து பேரு க்யா ஹை?"

"தெரியாது. ஆட்டுக்குக் குடுக்கிற பூச்சி மருந்து."

"ஆட்டு மருந்துல நிறைய வகை இருக்கு அங்கிள். நாம சாப்பிடுற மருந்தும் அதுல இருக்கு, நாம தொடவே கூடாததும் இருக்கு. பேரு தெரிஞ்சாதான் நான் ஏதாச்சும் சொல்ல முடியும். கால்நடை ஆஸ்பத்திரில யாராவது இருப்பாங்க, புலாகே லாவோ, கூட்டிட்டு வாங்க. பேபி இங்க என்கிட்ட இருக்கட்டும்."

கால்நடை மருந்தகத்தின் கம்பவுண்டர் பக்கத்திலேயே குடியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்த குடும்பம், பேச்சில் இன்னும் அந்த வாடை உண்டு. வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நான் சொன்னதைக் கேட்டதும் மீனை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். "வேகமா போங்க சார்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் முன்னால் வந்ததும் வெள்ளை மருந்தை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இது நாங்கதான் ஊத்திக் குடுத்தது. போன கப்பல்ல வந்த ஸ்டாக்குன்னா அல்பெண்டசோல், ஸ்கூல்ல பிள்ளைகளுக்குக் குடுக்கிற அதே மருந்து, பயப்பட ஒண்ணுமில்ல. அதுக்கு முந்தி இருந்தது வேற மருந்து. அதுவும் வெள்ளைதான். ஃபௌஜி ஐயா ரெண்டு தடவையும் வந்து வாங்கினாரு. இதுல இருக்கிறது எதுன்னு பாத்துச் சொல்ல ஏலாது."

"முந்தினதுன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "அது மனுசருக்குக் குடுக்கிறதில்ல சார்" என்றார். பிறகு டாக்டரிடம் திரும்பி மெதுவாக ஒரு பெயரைச் சொன்னார். டாக்டர் மறுபடி டார்ச்சை எடுத்தார். "பேபி, என் விரலைப் பாரு. இது எத்தனை?" என்று கேட்டார். அது பார்வையைப் பறிக்கிற மருந்து என்று கேட்காமலே புரிந்துவிட்டது.

ஃபௌஜி அங்கிளுக்குப் போன் போட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. கல்யாண வீடு, போன் எங்கே கிடக்கிறதோ. மகள் நர்ஸிடம் ஒரு பிஸ்கட் வாங்கி, அதைத் தின்று, இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் ஒரே பாட்டும் சிரிப்பும். நான் கத்திக் கத்திக் கேட்டேன். கம்பவுண்டர் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு, பழைய மருந்தா புதிய மருந்தா என்று ஹிந்தியில் கேட்டார்.

"புரானா தோ கப் கா கதம்!" என்றார் அங்கிள். பழையது எப்போதோ தீர்ந்துவிட்டதாம். காலி பாட்டிலை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான், கப்பல் வந்த பிறகு புது மருந்து வாங்கினாராம். "கரம் பானி ஸே தோயா, தோ பார்" என்று அழுத்திச் சொன்னார். இரண்டு தடவை வெந்நீரில் கழுவிய அந்தப் பழைய ராணுவக்காரரை அங்கிருந்தே கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஏன் கேட்கிறோம் என்று அவர் கேட்டார். கம்பவுண்டர் நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் பாட்டு நின்றுவிட்டது.

டாக்டர் ஒரு சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். "ஒரு மில்லில எவ்வளவு?"

"இருபத்தஞ்சு மில்லிகிராம்" என்றார் கம்பவுண்டர்.

"பத்து மில்லி குடுத்திருக்கீங்க. அப்போ இருநூத்தைம்பது. ஸ்கூல்ல குடுக்கிற மாத்திரையில நானூறு." பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அங்கிள், நீங்க கம்மியாதான் குடுத்திருக்கீங்க."

"குலுக்கிட்டா ஊத்துனீங்க?" என்று கம்பவுண்டர் கேட்டார்.

"இல்லையே."

"அப்ப மருந்து அடியில தங்கியிருக்கும். அந்த அளவுகூட இருக்காது. ஆட்டுக்கு இப்படிக் குடுத்தா ஒரு பூச்சியும் சாகாது சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மகளும் காரணம் தெரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். எனக்கு உடனே கடுமையாகப் பசித்தது.

ஆனால் டாக்டர் என்னைச் சும்மா விடவில்லை. மஞ்சள் பாட்டிலைத் திறந்து மோந்துவிட்டு மூடி, மேஜையில் தள்ளி வைத்தார். "இது உங்க கையில முதல்ல வந்திருந்தா?" என்றார். "அதே மருந்துதானேன்னு நாளைக்கு ஆட்டு பாட்டில்ல இருந்து எடுத்துக் குடுக்காதீங்க. அதுல வேற என்னவெல்லாம் கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாது. மனுஷங்களுக்குச் செஞ்சது மனுஷங்களுக்கு. ஸமஜ் கயே, புரிஞ்சுதா?" பிறகு கம்பவுண்டரையும் விடவில்லை. "நீங்களும் மருந்து பேரை எழுதிக் குடுங்க அண்ணா." அவர் தலையாட்டினார். மகளுக்கு அன்று வேறு மாத்திரை எதுவும் வேண்டாம், பள்ளியில் அடுத்த முறை கொடுக்கும்போது சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். மதியம்வரை அங்கேயே இருக்கச் சொல்லி, இரண்டு முறை வந்து பார்த்தபின் அனுப்பிவைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மனைவிக்கு வீடியோ போட்டேன். அவள் மகளின் முகத்தை மட்டும் காட்டச் சொன்னாள். "அம்மா, நான் ஆடு மருந்து குடிச்சேன்!" என்று இவள் பெருமையாகக் கத்தினாள். மனைவி அழுது, மூக்கைச் சிந்தி, பயிற்சியை விட்டுவிட்டுக் கிளம்பி வருகிறேன் என்று சொல்லி, அடுத்த கப்பல் என்றைக்கு என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நான்தான் பையை அங்க வச்சேன்" என்றாள். "நான்தான் பாக்காம எடுத்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் இப்படியே குற்றத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்தோம். கல்யாணமான பிறகு நாங்கள் அப்படிப் பேசியது குறைவு.

சாயங்காலம் கம்பவுண்டர் தானாகவே வீட்டுக்கு வந்தார். ஆடுகளுக்கு மருந்து கொடுக்கும் நாள் தள்ளிப்போய்விட்டது என்று மனைவி அவரிடம் போனில் சொல்லியிருக்கிறாள். மஞ்சள் பாட்டிலைத் தன்னோடு எடுத்துப் போவதாகச் சொல்லித் தனியே வைத்தார். வெள்ளை பாட்டிலை நன்றாகக் குலுக்கினார், எனக்குக் கேட்கும்படி. ஆட்டைக் காலிடுக்கில் நிறுத்தி, தாடையை இலேசாக உயர்த்தி, கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "தலையை ரொம்ப நிமித்தக் கூடாது, நுரையீரல்ல போயிரும்" என்று எனக்குக் காட்டினார். மூன்றாவது ஆட்டை நானே பிடித்தேன். அது தும்மி என் சட்டையெல்லாம் வெள்ளையாக்கியது. மகள் கொட்டகைக் கம்பில் ஏறி உட்கார்ந்து, "சாக்பீஸ் மாதிரிதான் இருக்கும், குடி குடி" என்று ஆட்டைச் சமாதானப்படுத்தினாள். பிறகு கம்பவுண்டருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். காலையில் அவர் போட்டுவிட்டு வந்த மீனைப் பூனை கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார், வருத்தமே இல்லாமல்.

பயிற்சி முடிந்து மனைவி வந்த கப்பல் விடிந்ததும் துறைமுக ஜெட்டியில் அணைந்தது. படியில் இறங்கும்போதே அவள் கண் மகளைத் தேடியது. பையைக் கீழே வைத்துவிட்டு, அவளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "ஒரு சுத்து பெருத்திருக்கா" என்றாள். உண்மையில் அப்படியொன்றும் இல்லை. "ஆமா" என்றேன். அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை ஜெட்டியிலேயே பிரித்தாள். மூன்று பேரும் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து தின்றோம்.