கோலசிலாங்கூர் மலைமேல் சுமத்ராவைத் தேடியது

1984 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பத்தாங் பெர்ஜுந்தாயில் பஸ் ஏறினோம். கோலசிலாங்கூருக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. நாங்கள் மூன்று பேர்: எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியான நான், ஆட்களை வேலை வாங்கும் எங்கள் மண்டோர் முனியாண்டி, மண்டோரின் மகளைத் தம் பையனுக்குக் கேட்டிருந்த தவமணி வாத்தியார். ஜாதகம் பொருந்திவிட்டது. பொருந்தாமல் நின்றது சுமத்ராதான்.

கோலசிலாங்கூர் மலைமேல் நின்றால் கடலுக்கு அப்பால் சுமத்ரா தெரியும், தம் தகப்பனார் கண்ணாரப் பார்த்தார் என்று பெண் பார்க்க வந்த அன்றே மண்டோர் எடுத்துவிட்டார். வாத்தியார் காபியைக் கீழே வைத்தார். இல்லாததைப் பார்த்ததாகச் சொல்லும் வீட்டில் பெண்ணின் வயதையும் படிப்பையும் எப்படி நம்புவது என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். மண்டோருக்குத் தூக்கம் போயிற்று. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று சொல்லித் தொலைத்தவன் நான்.

வழியெல்லாம் ஈயம் தோண்டிய பழைய குட்டைகள். எதிர்க்கரையில் ஒருவர் தூண்டில் போடுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? பூமி உருண்டை, எத்தனை பெரிய ஏரியானாலும் கரையில் நிற்பவன் கண்ணுக்கு மூன்று மைல் தண்ணீர்தான், மலையேறினால் பதினைந்து, இருபது மைல், சுமத்ராவோ எழுபது மைலுக்குக் குறையாது என்றார். மண்டோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கப்பா பாடம் படிக்கல. பாத்தாரு,” என்றார்.

பத்து மணிக்கு மலையேறினோம். வாத்தியார் கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. மண்டோர் சிரிக்கக்கூட இல்லை, பாவம். உச்சியில் இருந்த பழைய கோட்டைப் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். சேற்று நிறத்தில் கடல், அதற்குமேல் வானம். மண்டோரின் முகம் வெளுத்தது. அப்போது வாத்தியார்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“கிராணி, அங்க பாருங்க. கறுப்பா, நீளமா. தெரியுதில்ல?”

தெரிந்தது. வாத்தியார் மண்டோரின் கையைப் பிடித்து, தோற்றேன் என்றார். தை மாதமே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

மண்டோர் அதோடு விட்டிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்தால் யார் என்ன செய்வது? சாட்சிக்கு இருக்கட்டும் என்று, செண்டோல் என்னும் ஐஸ் பானம் விற்ற மலாய்க்காரரிடம், அதுதானே செபராங் என்று கேட்டார். தகப்பனாருக்கு அந்தக் காலத்தில் யாரோ சொன்ன சொல் அது. செபராங் என்றால் அக்கரை. சுமத்ராவையும் அப்படித்தான் சொல்வார்கள்.

கறுப்பாகத் தெரிவது பூலாவ் அங்சா என்ற குட்டித் தீவு, விசைப்படகில் ஒரு மணி நேரம் என்றார் செண்டோல்காரர். செபராங் இதோ என்று, மலைக்குக் கீழே ஓடும் ஆற்றின் மறுகரையைக் காட்டினார். அங்கே காயும் வலைகளும் நாலைந்து மீன் கடைகளும் இருந்தன.

மண்டோர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேசாமல் இருந்தால் கல்யாணம் நடந்துவிடும். அவர் நேரே வாத்தியார் முன்னால் வந்து நின்றார்.

“வாத்தியாரையா, எங்கப்பா தப்பா வெளங்கிக்கிட்டாரு. நானும் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சேன். இங்கேருந்து சுமத்ரா தெரியாது லா.”

எவ்வளவு பெரிய மனசு! ஆனால் இருபது வருஷம் பூகோளம் நடத்தியவர், குட்டித் தீவைப் பார்த்துச் சுமத்ரா என்று ஏமாந்ததை ஒப்புவாரா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“செண்டோல் விக்கிறவருக்கு என்ன தெரியும், மண்டோர்? நான் பாத்தது சுமத்ராதான்.”

மூன்று மணி பஸ்ஸில் வாத்தியார் முன் இருக்கையில் நிம்மதியாகத் தூங்கினார். மண்டோர் என் காதருகே குனிந்தார். அப்படி வாடிய முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

“கிராணி ஐயா, எம் பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்த வீட்டுல குடுக்கலாமா?”