பச்சை நூல் மூட்டைகள்

கடலை நான் மொத்தமே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றரை வருடம் கடலைக் காப்பாற்றும் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினேன். அதுவும் தர்மபுரி மாவட்டத்தை விட்டு நகராமல். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன், சிரிக்க முடியாத பகுதியை மட்டும் விட்டுவிட்டு. விட்டுப்போன அந்தப் பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விசைப்படகுகள் இழுவலையில் வாரிக்கொண்டு வருகிற மீனில் நல்ல மீனோடு பொடி மீனும் குஞ்சும் கலந்து வரும். சந்தையில் விலைபோகாத அந்தப் பொடிக்குத் துறைமுகத்தில் சங்காயம் என்று பெயர். அதை வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி, கோழித்தீவன மில்களுக்கு அனுப்பிவிடுவார்கள். பாலக்கோடு ரோட்டில் அப்படி ஒரு மில் இருந்தது. தக்காளி ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு நடுவே வாரம் ஒரு சங்காய லாரி வந்து அங்கே நிற்கும். நான் விலங்கியல் படித்தவள். கடல்வளத்துக்கான ஒரு திட்டம் அந்த மில்லில் எனக்கு ஒரு மேசையும் ஓர் அளவுகோலும் கொடுத்து உட்கார வைத்தது.

இழுவலையின் கடைசிப் பகுதிக்கு மடி என்று பெயர். மாட்டிய மீனெல்லாம் அங்கேதான் சேரும். சாதா மடியின் கண்ணிகள் இழுக்க இழுக்க இறுகி மூடிக்கொள்ளும், குஞ்சு தப்பிக்க வழியே இருக்காது. சதுரக் கண்ணி வைத்துத் தைத்த மடி எவ்வளவு இழுத்தாலும் திறந்தபடியே இருக்கும், சின்னது நழுவிப் போய்விடும். அந்தத் துறைமுகத்தில் நாலு படகுக்காரர்கள் சதுரக் கண்ணிக்கு மாற ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் படகுச் சங்காயத்தின் மூட்டை வாயைப் பச்சை நூலால் தைத்து அனுப்பினார்கள், மற்றவர்களுடையதை வெள்ளை நூலால். ஒவ்வொரு லோடிலும் பச்சையில் இரண்டு, வெள்ளையில் இரண்டு மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டி, மீன்களை அளந்து, நீளத்தை எழுதி அனுப்புவது என் வேலை. பச்சை மூட்டை மீன் பெரிதாக இருந்தால் சதுரக் கண்ணி பலன் தருகிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கைக் காட்டித்தான் துறைமுகத்தின் எல்லாப் படகுகளையும் மாறச் சொல்லப்போகிறோம் என்று திட்ட அதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு மாதம் வெள்ளை நூல் மூட்டை மட்டும்தான் வந்தது. நாலு படகும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த பிறகுதான் மடியை மாற்றுவதாக ஏற்பாடு. அந்த இரண்டு மாதமும் நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன், வேறு சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. விரல் நீளம்கூட இல்லாத சங்கராக் குஞ்சுகளை வரிசையாக அடுக்கி அளந்தேன்.

நாற்றம்தான் தாங்கவில்லை. கருவாட்டு வாடை வேறு, இது வேறு. கூந்தலுக்குள் புகுந்தால் சீயக்காய்க்கும் மசியாது, ஷாம்புவுக்கும் மசியாது. சாயங்காலம் பொம்மிடி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய்விடுவாள். கண்டக்டர் ஒருநாள் எல்லோரும் கேட்க, "என்னா கண்ணு, கருவாட்டு யாவாரமா? லக்கேஜ் எங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. வீட்டில் அம்மா வாசலிலேயே மறிப்பாள். "வூட்டுக்குள்ள காலெடுத்து வெக்காத. பொறக்கடப் பக்கம் போயி தலைக்கு ஊத்திகினு வா." அக்கம்பக்கத்தில் மகள் லேப்பில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

தடைக்காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். லாரி நின்று சில வாரம் ஆகியிருந்தும் எனக்கு என்மேல் சந்தேகம். மூன்று முறை குளித்தேன், இரண்டு முழம் மல்லிகை வைத்தேன். மாப்பிள்ளையின் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பூ நன்றாக இருக்கிறதே என்று சொல்லிக் குனிந்து முகர்ந்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், பதில் வரவில்லை. அவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போக நூறு காரணம் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

தடைக்காலம் முடிந்து முதல் பச்சை நூல் மூட்டைகள் வந்து இறங்கின. சுமை இறக்குகிறவர் வழக்கம்போல் தார்ப்பாயை விரித்துவிட்டு, "பிரிச்சிடலாங்களா மேடம்?" என்றார். "நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் போனதும் தார்ப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். இந்த ஒரு வாரம் மட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய தாள்களை எடுத்து, எண்களை அங்கே ஒன்று இங்கே ஒன்று மாற்றி, பச்சைக்கும் எழுதினேன், வெள்ளைக்கும் எழுதினேன். பச்சையைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கலாம். அதற்கும் யோசித்தேன். வித்தியாசம் காட்டினால் போட்டோ அனுப்பு என்பார்கள், ஒரே மாதிரி இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திருட்டுத்தனத்துக்கு மட்டும் எனக்கு மூளை அவ்வளவு நன்றாக வேலை செய்தது. ஒரு வாரம் பல மாதமானது. என் கூந்தலில் மல்லிகை மணத்தது. கண்டக்டர் என்னை மறந்துபோனார்.

ஒரு திங்கட்கிழமை மில் வாசலில் ஒருவர் என்னைத் தேடி வந்து நின்றார். நாற்பது வயதைத் தாண்டியவர், கடல்பக்கத்துக் கறுப்பு, தோளில் ஒரு துணிப்பை. நாலு படகில் முதலில் மாறியவர் அவர்தான். கணக்குத் தாளில் என் கையெழுத்தைப் பார்த்து, மில்லின் பெயரை விசாரித்து, மூன்று பஸ் மாறி வந்திருந்தார்.

"துறைமுகத்துல சிரிக்கிறாங்க மேடம்," என்றார். "ரெண்டு மூட்ட மீனும் ஒரே அளவுதான்னு ஆபீசர் சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கெழம சங்கத்துல கூட்டம். எல்லாப் படகும் மாறணுமா, இல்ல நாங்களும் பழைய மடிக்கே போயிறணுமான்னு அன்னிக்கு முடிவு."

பையிலிருந்து இரண்டு வலைத் துண்டுகளை எடுத்தார். ஒன்றை என் கையில் ஒரு முனை கொடுத்து இழுக்கச் சொன்னார். கண்ணிகள் வாயை மூடிக்கொண்டன. இன்னொன்றையும் இழுத்தோம். சதுரம் சதுரமாகவே நின்றது. "வலையத் தூக்குறப்ப குஞ்சு இது வழியா ஓடுறத நான் கண்ணால பாக்குறேன். அப்புறம் எப்புடி மேடம் ஒரே அளவு வருது?"

எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, கடலில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி என்று என்னவோ உளறினேன். கடலைப் பற்றி அவருக்கு நான் பாடம் எடுத்தேன்.

"இப்ப மூட்ட இருக்கா? ஒண்ணு பிரிச்சுப் பாத்துரலாமா?"

குடோன் இருபது அடி தூரத்தில் இருந்தது. சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. "குடோன் பூட்டியிருக்குங்கண்ணா. சாவி முதலாளிகிட்ட. அவர் சேலம் போயிட்டார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க நேர்ல கொட்டி அளந்தீங்கதான மேடம்?"

"அளந்தேங்கண்ணா."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தலையாட்டினார். "நாம பாக்குறது மேலாப்புல பாக்குறது. நீங்க படிச்சவங்க, ஸ்கேல் வச்சுப் பாத்திருக்கீங்க. அப்ப என் கண்ணுதான் எனக்குப் பிடிச்சத பாத்திருக்கு." வலைத் துண்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தார். வெள்ளிக்கிழமை தானே எழுந்து, பழைய மடிக்கு மாறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். வீணாக மற்ற மூன்று பேரையும் இழுத்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தம்.

அந்த நேரத்தில் நான் சொன்னது இன்றைக்கும் காதில் ஒலிக்கிறது. "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, ஒகேனக்கல் பாத்துட்டுப் போங்கண்ணா. தண்ணி நல்லா வருது."

"தண்ணியத்தான தினம் பாக்குறோம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் குடோனைத் திறந்தேன். தார்ப்பாயை நானே விரித்து, ஒரு பச்சை மூட்டையையும் ஒரு வெள்ளை மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டினேன். அளவுகோலே தேவைப்படவில்லை. வெள்ளை நூல் மூட்டையில் நகம் அளவுக்குக் குஞ்சும் பொடியும். பச்சை நூல் மூட்டையில் விரல் விரலாகக் காரல் மீன், குஞ்சைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்று பார்த்தால்கூடத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதது எதற்கும் உதவவில்லை, முகத்தில் நாற்றம் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அவர் தன்னுடைய நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை போனை எடுத்தேன், வைத்தேன். புதன் முழுக்க யோசித்தேன். கூட்டத்துக்கு முன்னால் சொன்னால் அதிகாரி, சங்கம், மில் முதலாளி என்று எல்லோர் முன்னாலும் நான் நிற்க வேண்டும். வேலை போகும், ஏன் போனது என்று வீட்டில் கேட்பார்கள். கூட்டம் முடிந்த பிறகு சொன்னால் அவர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டால் போதும். இதை நான் தெரியாமல் செய்யவில்லை. வியாழக்கிழமை நன்றாகத் தெரிந்தேதான் வெள்ளிக்கிழமை போகட்டும் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை, அவரிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள மனம் ஒப்பாமல், அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நாலு படகும் பழைய மடிக்குத் திரும்பிவிட்டன, சங்கம் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டது என்று பதில் வந்தது. என்னை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய்தேன். மாசக்கணக்காக மூட்டை பிரிக்காமலே எழுதினேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் மேடம் பிரிக்கல?" என்றார்.

நூறு பொய் கைவசம் இருந்தது. "நாத்தம் தாங்கலைங்கண்ணா. பஸ்ல ஒரு மாதிரி பாத்தாங்க" என்றேன்.

அவர் போனை வாயிலிருந்து விலக்கி யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது. "நம்ம மூட்டையப் பிரிக்கவே இல்லையாம். நாத்தமாம்." பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு பெண்குரல் கேட்டது, அவர் மனைவியாக இருக்க வேண்டும். "ஒண்ணுகூடவா? அத்தனையும் நாந்தான உக்காந்து தச்சேன்."

அவர் திரும்ப என்னிடம் கேட்டார். "ஒண்ணுகூடவா மேடம்?"

அப்போதாவது ஒரு உண்மையைச் சேர்த்துச் சொல்லலாம், அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். "ஒண்ணு பிரிச்சேங்கண்ணா. நீங்க வந்துட்டுப் போன மறுநாள். நீங்க சொன்னதுதான் சரி. பச்சை நூல் மூட்டையில குஞ்சே இல்ல."

அவர் மனதுக்குள் கிழமைகளை எண்ணிப் பார்க்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"மறுநாள்னா செவ்வாக்கெழம," என்றார். "கூட்டம் வெள்ளிக்கெழமதான மேடம் நடந்துச்சு."