பதினோராவது சம்மதம்

வாயில் பிரஷ், மடியில் லேப்டாப், இரும்பு ஏணியின் நாலாவது படி. காலை ஆறரைக்கு நான் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போது சுதன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். மேலே அவன் குடியிருக்கும் அறையைவிட அந்தப் படியில் இண்டர்நெட் நன்றாக எடுக்கிறதாம். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து கிடக்கும் புகார்களை ஒவ்வொன்றாக வாசிப்பான். "இன்னைக்கு எத்தன பேருடே ஏசியிருக்கான்?" என்று கேட்பேன். பிரஷை எடுக்காமலே விரலைக் காட்டுவான். மூன்று பேர், ஐந்து பேர். ஏச்சு கூடிய நாளில் அவன் முகம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். "தப்பச் சொல்ல ஆளு இருக்குன்னா, நாம செஞ்சத எவனோ தொட்டுப் பாத்திருக்கான்னுதான அண்ணாச்சி அர்த்தம்" என்பான்.

வயது முப்பத்தாறு. சயனில் ரயில் ஏறி, தாணேயில் மாறி, ஐரோலியில் ஒரு கம்பெனிக்குப் போகிறான். சம்பளம் தருகிற அந்த வேலையைப் பற்றி ஒரு நாளும் அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பேச்செல்லாம் சம்பளம் தராத வேலையைப் பற்றித்தான். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல ஒரு புது மொழி. பதினான்கு பேர் சேர்ந்து நாலு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஃபின்லாந்தில் ஒருவர், பிரேசிலில் ஒரு அம்மாள், புனேவில் சாதனா என்று ஒரு பெண். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்தது கிடையாது. யாரும் அதை எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம், காசு கிடையாது. ஏதோ ஒரு கடற்பறவையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள், என் வாயில் நுழையாது. இப்போதைக்கு அந்த மொழியில் எழுதுகிறவர்கள் உலகத்திலேயே நாற்பது பேர். "இங்க சால் வீடுகள்ல தண்ணி லைன்ல நிக்குத கூட்டமே இத விட ஜாஸ்தி" என்பாள் அவன் மனைவி ஷாலினி.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பதிமூன்று வயதில் தாராவிக்கு வந்து, தோல் நாற்றத்தில் படுத்து எழுந்து, இன்று மூன்று பெல்ட் பட்டறைக்குச் சொந்தக்காரன். இலவசமாக ஒரு பெல்ட்டின் துளையைக்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அதனால் இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை.

ஒரு வரியின் முடிவில் புள்ளி வைப்பதா, வேண்டாமா என்று அந்தப் பதினான்கு பேரும் ஆறு வாரம் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தேன். "இவன் மண்டைக்குள்ள களிமண்ணு" என்று சுதன் வாயால் சொல்லிக்கொண்டிருப்பான். அதே நேரத்தில் அவன் விரல், "உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி" என்று இங்கிலீஷில் தட்டிக்கொண்டிருக்கும். கோபம் தமிழில், மரியாதை இங்கிலீஷில். இரண்டும் ஒன்றோடொன்று கலந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மொழியிலேயே எங்கள் பட்டறைக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். ஆர்டர் எத்தனை பெல்ட் என்று தட்டினால், எத்தனை பெட்டி வேண்டும் என்று அது சொல்லும். பெட்டிக்கு ஒரு டஜன். பேக்கிங்கில் இருக்கும் விஜயராணிதான் அதைத் தட்டுவாள். ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், பதினாறு வருஷமாக என்னிடம் இருக்கிறாள். உலகத்தில் அந்த மொழி ஓடுகிற ஒரே பெல்ட் பட்டறை என்னுடையது. இதை மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில், பெரிய படிப்புப் படித்த நாலு பேர் நடுவில் சொன்னேன். நாலு பேரும் பந்திக்கு எழுந்து போய்விட்டார்கள்.

போன மாதம் ஒரு காலையில் சுதன் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டான். அப்போதே எனக்கு விஷயம் பெரிதென்று தெரிந்துபோயிற்று.

மொழியில் ஒரு தப்பு. அதை எழுதினவனும் அவனேதான், முதல் மாதத்தில், ரயிலில் நின்றுகொண்டே எழுதினானாம். ஒரு எண்ணை இன்னொன்றால் வகுக்கும்போது மீதி வந்தால், மொழி அந்த மீதியை விட்டுவிட வேண்டும். இவன் எழுதியபடி அது ஒன்றைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காதது மட்டுமல்ல, பதினோரு பேர் அந்தத் தப்பை நம்பியே தங்கள் புரோகிராமை எழுதி வைத்திருந்தார்கள். அதில் பதினோராவது எங்கள் பட்டறை. நூறு பெல்ட்டுக்கு எட்டு டஜனும் நாலும். ஒன்பது பெட்டி வேண்டும். தப்பு எங்களுக்கு ஒன்பதென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. திருத்திவிட்டால் எட்டு என்று சொல்லும், நாலு பெல்ட் தரையில் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மொழியின் முதல் பதிப்பைப் பூட்டப் போகிறார்கள். அதன்பிறகு அதில் எந்தக் கணக்கும் மாறாது என்று ஊருக்கே வாக்குக் கொடுப்பார்களாம். அதற்குள் தப்பை எடுக்காவிட்டால் எப்போதும் எடுக்க முடியாது. "இன்னைக்கு நாப்பது பேருதான் அண்ணாச்சி. நாளைக்கு எவனாவது மருந்துக் கணக்க இதுல எழுதுவான். அதுலயும் ஒண்ணு கூடுனா?" என்றான்.

எடுத்துவிட வேண்டியதுதானே என்றேன். அங்கேதான் சிக்கல். யாருடைய வேலை கெடும் என்று தெரிகிறதோ, அவர் சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவனும் சுதன்தான்.

பதினோரு பேருடைய புரோகிராமிலும் ஒரு வரியை மாற்றினால் போதும். பத்துப் பேருக்கு அவனே மாற்றி அனுப்பி, பத்துப் பேரிடமும் சம்மதம் வாங்கிவிட்டான். நான் மட்டும் மாட்டேன் என்றேன். பண்டிகை ஆர்டர் நேரம். போன வருஷம் இவன் ஒரு வரியைத் தொட்டதில் லேபிள் மெஷின் இரண்டு நாள் படுத்துவிட்டது. "ஓடுத மெஷின்ல கைய வைக்காத. எங்களுக்குப் பழசே இருக்கட்டும்" என்றேன்.

"பழசப் பாக்க இனிமே ஆளு கெடையாது அண்ணாச்சி. நின்னா நின்னதுதான்."

"நிக்கும்போது பாத்துக்கிடுவோம், போ."

ஃபின்லாந்துக்காரர் எழுதிக் கேட்டாராம், பட்டறைக்காரர் என்ன சொல்கிறார் என்று. மூன்றாம் வகுப்புக்காரன் சொல்லுக்கு ஒரு வெள்ளைக்காரன் காத்திருந்தான். அவசரப்பட எனக்கு என்ன இருக்கிறது?

சுதனின் குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பட்டறை அந்தத் தப்பை நம்பியிருப்பது அவன் சொல்லாமல் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது; பதினோரு பேர் பட்டியலில் அவனே எழுதி வைத்ததுதான். எழுதாமல் விட்டிருந்தால் முடிந்தது. புதன்கிழமை பட்டறைச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் பகல் முழுக்க நான் வெளியில் இருந்தேன். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டும் அவன் வைத்ததுதான். திரும்பி வந்து நூறு என்று தட்டச் சொன்னேன். ஒன்பது வந்தது. அவன் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஐந்து மணிக்கு இறங்கி வந்தான். என்னைத் தாண்டி நேரே விஜயராணி முன்னால் போய் நின்றான். "யக்கா, ஒங்க சம்மதம் வேணும்."

"ஏல, பட்டறை என்னோடது" என்றேன்.

"நீங்க ஓனர் அண்ணாச்சி. சட்டத்துல, தட்டுத ஆளு சம்மதம்னுதான் இருக்கு. நாந்தான் நாலு நாளா தப்பான ஆளுட்ட கேட்டுட்டேன்."

விஜயராணி டேப்பைக் கிழித்தபடியே சொன்னாள்: "மெஷின் ஒங்களோடதுதான் அண்ணாச்சி. பொட்டி கொறஞ்சா ஏச்சு யாருக்கு விழுது?"

அந்த நேரத்தில் எனக்கு ஒரு முக்கியமான போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "மொதல்ல போட்டுக் காட்டு தம்பி, பொறவு தலையாட்டுதேன்" என்று சொல்லியிருக்கிறாள். திருத்திய மொழியை ஏற்றி, பட்டறையின் வரியையும் மாற்றி நூறு போட்டான், ஒன்பது. நூற்றைம்பது, பதின்மூன்று. இருநூற்றைம்பது, இருபத்தொன்று. அவள் விரலை மடக்கிச் சரிபார்த்தாள். "சரியாத்தான் சொல்லுது." அவன் கை சம்மதம் எழுதப் போய்விட்டது.

"நில்லுடே. இப்ப விக்ரோலிக்குப் போற சரக்கு தொண்ணூத்தாறு. அதப் போடு."

போட்டான். ஒன்பது.

"எட்டுப் பொட்டில அடங்கிரும். ஒம்பதாவதுல என்னத்த வைக்க, ஒன் தலையவா?"

சுதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மீதியை மொழி விட்டுவிடுமே என்று, பட்டறையின் வரியில் 'எப்போதும் ஒன்று கூட்டு' என்று எழுதிவிட்டிருக்கிறான். மீதியே இல்லாத இடத்திலும் அது கூட்டிவிட்டது. மற்ற பத்துப் பேருக்கும் இதே வரியைத்தான் அனுப்பியிருந்தான். பத்துப் பேரும் படித்தவர்கள், பத்துப் பேரும் சரி என்றவர்கள். ஒருத்தரும் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

"அரே யார்" என்று இந்தியில் மெதுவாக நொந்துகொண்டான். அப்புறம் உலகம் முழுக்கத் தெரியும்படி எழுதினான்: தப்பைத் திருத்த நான் கொடுத்த திருத்தமும் தப்பு. மீதி இருந்தால் மட்டும் கூட்டும்படி புது வரி பத்துப் பேருக்கும் போனது. சம்மதப் பட்டியல் வைத்திருக்கும் புனே சாதனா, பதினொன்றும் ஏழு மணிக்குள் வராவிட்டால் திருத்தம் கிடையாது என்று எழுதினாள். விக்ரோலிக்குப் போகிற டெம்போக்காரன் வெளியே ஹார்ன் அடித்தான். ஒன்று, மூன்று, ஏழு என்று பதில்கள் வந்தன. இந்த முறை போட்டுப் பார்த்துவிட்டு. ஆறு ஐம்பதுக்குப் பத்தும் வந்துவிட்டது.

விஜயராணி அவசரப்படவில்லை. தொண்ணூற்றாறு போட்டாள், எட்டு. பன்னிரண்டு, ஒன்று. ஒரு பெல்ட் போட்டாள், ஒன்று. கடைசியாக, ஆர்டரே இல்லாவிட்டால் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று பூஜ்யத்தைப் போட்டாள். பூஜ்யம் வந்தது. "செரி, எடுத்துரு" என்றாள். அந்த இரண்டு வார்த்தையையும் அவன் தமிழிலேயே பட்டியலில் போட்டான். ஏழடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது தப்பு மொழியை விட்டுப் போயிற்று.

நான் நாலு நாள் பிடிவாதமாக நின்றதால்தான் அந்த இரண்டாவது தப்பு அகப்பட்டது. இதைச் சுதனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "ஆமா அண்ணாச்சி" என்றுதான் சொல்கிறான்.

அன்றைக்கு லேப்டாப்பில் பாராட்டு வந்து விழும் சத்தம் டிங், டிங் என்று கேட்டுக்கொண்டிருந்தது. சுதன் மூடியைச் சாத்திவிட்டு எழுந்தான். டெம்போவில் ஏற்ற வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகள் பக்கம் போய், ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்து எண்ணினான். எட்டு வந்தது. மறுபடியும் முதல் பெட்டியின்மேல் கையை வைத்தான்.