நான்கு விநாடி

மகளின் கல்யாண வீடியோ கைக்கு வந்த அன்றே தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சியாக மாறுவதை மிக்ஸிங் என்பார்கள். மூன்று மணி நேரத்தில் நாற்பத்து மூன்று இருந்தன. சம்பந்தி வீட்டு மூத்த பையன் கல்யாணத்தில் அறுபத்தொன்று, அதையும் எண்ணியிருந்தேன்.

பாளையங்கோட்டை ஸ்டுடியோக்காரரிடம் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"வெறும வெட்டி ஒட்டி வச்சிருக்கீரே வே. இன்னும் இருபது போடும்."

"முகமெல்லாம் தெளிவா இருக்குல்லா அண்ணாச்சி, அது போதாதா?"

"சம்பந்தி எண்ணிப் பாப்பாரு."

"உங்களத் தவிர இந்த ஜில்லாவுலயே ஒருத்தரும் எண்ண மாட்டாங்க" என்று சிரித்தார். ஆனாலும் போட்டுத் தந்தார்.

என் மனைவி கேமராவைக் கண்டால் ஒதுங்கிவிடுவாள். அந்த மூன்று மணி நேரத்தில் அவள் முகம் நேராக வருவது ஒரே இடத்தில்தான். பச்சைச் சேலையில் சந்தனக் கிண்ணத்தோடு திரும்புகிறவள், அகப்பட்டுக்கொண்டதுபோல் சிரிக்கிறாள். நான்கு விநாடி. மறு வருடம் புற்றுநோயில் போய்விட்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருட மழையில் கேசட்டில் பூஞ்சை பிடித்தது. விஷயம் கேள்விப்பட்டு பம்பாயிலிருந்து மகள் போன் போட்டு அழுதாள். அதற்குள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வந்திருந்தது.

"ஒரு தடவதான் ஓடும் அண்ணாச்சி. அதுக்குள்ள சிடியில ஏத்திருதேன்."

ஏற்றினார். ஓடி முடிகிறபோது நாடா அறுந்தது.

சிடியைப் போட்டுப் பார்த்தோம். மணமேடை பளிச்சென்று இருந்தது. அவள் வரும் இடத்தில் மட்டும் திரை கட்டம் கட்டமாக உடைந்தது. முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் வந்த ஆற்றுப் படித்துறையும் அப்படியே.

"என்ன வே இது?"

"சிடியில ஒவ்வொரு விநாடிக்கும் இவ்வளவுதான் எடம்னு கணக்கு அண்ணாச்சி. ஆள் சும்மா நின்னா, அசைஞ்சத மட்டும் எழுதுனாப் போதும். மிக்ஸிங்ல திரை பூரா மாறுதுல்லா? அம்புட்டையும் அதே எடத்துல திணிக்கணும். இதுல கரையுறது ஆத்துத் தண்ணிக்குள்ள. அது சும்மாவே நிமிசத்துக்கு நிமிசம் மாறும்."

"அன்னைக்கு கேமராவுல எடுத்த கேசட்டு?"

"மறு முகூர்த்தத்துலயே அதுமேல வேற கல்யாணம் எடுத்தாச்சு. வழக்கந்தான அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து பழைய தாளைத் தேடி எடுத்தேன். முதல் தடவை எண்ணியபோது அந்த இடத்தில் மிக்ஸிங் எதுவும் இல்லை. இருபதும் சேர்த்துத் தந்த பிறகு எண்ணியதில் இரண்டு: அவள் வரும்போது இரண்டு விநாடி, போகும்போது இரண்டு விநாடி. நான்கில் நான்கு போனால் மிச்சம் ஒன்றுமில்லை. இரண்டும் நான் கேட்டு வாங்கிய இருபதில் அடக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"அம்மா நல்லாத் தெரியுதாளாப்பா?"

"பச்சைச் சேலை தெரியுதும்மா" என்றேன்.